மங்கிய பகலுக்கு ஒரு கமரா

தென்மேல் பருவக்காற்று வந்துவிட்டால் பூண்டுலோயாவில் டன்சினன் மலையின் உச்சி நாட்கணக்கில் கண்ணில் படாது. காலையில் வேலைக்குப் பெரட்டு கூடும்போதே பனி இறங்கியிருக்கும். பிற்பகலில் பொழுது சாயுமுன்பே லயத்துக் காம்பராக்களில் பல்ப் எரியத் தொடங்கும். இந்த ஊரிலோ, தலவாக்கலை, அக்கரப்பத்தனை, டிக்கோயாப் பக்கத்திலோ இருக்கும் ஒருவர், போனையும் சின்னக் கமராவையும் தாண்டி முதல் தடவையாக ஒரு நல்ல கமராவுக்குக் காசு சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் அவர் கேட்பதும் கடைக்காரர் சொல்வதும் பெரும்பாலும் இரண்டே எண்கள்தான்: எத்தனை மெகாபிக்சல், எத்தனை மடங்கு ஸூம். இரண்டும் உண்மையான எண்கள். ஆனால் அந்தக் கருவி மலையகத்தின் மங்கிய பகலில் எப்படி வேலை செய்யும் என்பதை இரண்டுமே சொல்லமாட்டா. அதைச் சொல்லும் எண்ணைப் பெட்டியின் மேல் யாரும் அச்சிடுவதில்லை. அச்சிட்டிருக்கும் மற்ற இரண்டு விவரங்களிலிருந்து அதை நாமே கணக்கிட்டு எடுக்க வேண்டும்.

முதலில் நம்மிடம் இருக்கும் வெளிச்சம் எவ்வளவு என்று பார்ப்போம். தெளிந்த வானில் உச்சிவெயில் நிலத்தில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் ஒளியைக் கொட்டுகிறது. கனத்த மேகமும் பனியும் மூடிய பகலில் அது 1,000 லக்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். ஒற்றை பல்ப் எரியும் அறையில் 50 லக்ஸ் இருந்தால் அதிகம். உச்சிவெயிலுக்கும் இந்த அறைக்கும் இடையே இரண்டாயிரம் மடங்கு வித்தியாசம். கண் இதை நமக்குக் காட்டிக்கொடுப்பதில்லை. பாவையை விரித்து, விழித்திரையின் உணர்திறனைக் கூட்டி, இரண்டு இடமும் ஏறத்தாழ ஒரே மாதிரி என்று மூளையை நம்பவைத்துவிடுகிறது. கமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. விழுந்த ஒளியை எண்ணுவது ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

எண்ணுவது என்பதை இங்கே நேர்ப்பொருளிலேயே சொல்கிறேன். ஒளி போட்டன்களாக, தனித்தனித் துணுக்குகளாக வந்து விழுகிறது. 1905இல் ஐன்ஸ்டைன் ஒளிமின் விளைவை விளக்கியது இதைக்கொண்டுதான். சென்சரின் ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் விழுந்த போட்டன்கள் விடுவித்த எலெக்ட்ரான்களைச் சேர்த்துவைத்துக் கணக்குக் கொடுக்கிறது. அவை ஒழுங்காக வரிசையில் வருவதில்லை. தகரக் கூரையில் மழை பிடிக்கும் முதல் நிமிடத்தைக் கவனித்தால் இது விளங்கும். ஒரு தகட்டில் மூன்று துளி விழுந்திருக்கும், பக்கத்துத் தகட்டில் ஏழு. மழை வலுத்த பிறகு எல்லாத் தகடும் ஒரே அளவு நனைந்ததாகத் தோன்றும். தற்செயலாக வரும் எதற்கும் கணிதம் ஒரு விதி வைத்திருக்கிறது: சராசரியாக நூறு விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான பத்து; பத்தாயிரம் விழும் இடத்தில் நூறு. அதாவது முதலாவதில் பத்து வீதத் தடுமாற்றம், இரண்டாவதில் ஒரு வீதம். இருட்டில் எடுத்த படத்தில் தெரியும் பொரிபொரியான இரைச்சலில் பெரும்பங்கு இந்தத் தடுமாற்றமே. ஒளி சொற்பமாக வருவதில் பிறக்கும் குறை என்பதால், எந்தக் கம்பனி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் சென்சர் செய்தாலும் இதை நீக்க முடியாது. அதிக ஒளியைச் சேர்ப்பது ஒன்றே வழி.

ஒளியைச் சேர்க்க கமராவிடம் இரண்டு வசதிகள் உள்ளன (ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைப்பது மூன்றாவது, ஆனால் ஆள் அசைந்தால் அது உதவாது). ஒன்று சென்சரின் பரப்பு, மற்றது லென்ஸின் துளை. பரப்பை எடுத்துக்கொள்வோம். சாதாரண சின்னக் கமராவிலும் நீண்ட ஸூம் கமராவிலும் இருக்கும் சென்சர் ஏறத்தாழ 6.2க்கு 4.6 மில்லிமீற்றர், அதாவது 28 சதுர மில்லிமீற்றர். நடுத்தர விலைப் போன்கள் பலவற்றில் உள்ளதும் 30ஐ ஒட்டியதே. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையில் 225. ஏ.பி.எஸ்-சி எனப்படும் வகை, அதாவது முதலாவது நல்ல கமராவாகப் பெரும்பாலோர் வாங்குவது, 367. பழைய 35 மில்லிமீற்றர் பிலிமின் அளவான ஃபுல் ஃபிரேம் 864. துளையின் கணக்கு எஃப் எண்ணில் இருக்கிறது. எண் குறையக் குறையத் துளை பெரிது, உள்ளே வரும் ஒளி அந்த எண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் கூடும். எஃப் 5.6க்கும் எஃப் 1.8க்கும் இடையே மூன்று மடங்குதான் என்று பார்வைக்குத் தோன்றும். ஒளியில் அது ஏறக்குறைய பத்து மடங்கு.

இனி அச்சிடப்படாத அந்த எண்ணுக்கு வரலாம். சென்சரின் பரப்பை எஃப் எண்ணின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதை இந்த அத்தியாயத்தில் சேகரிப்பு எண் என்று அழைப்போம். ஒரே காட்சியை, ஒரே கோணத்தில், ஒரே நேர அளவில் எடுத்தால் ஒரு கமரா மொத்தமாக எவ்வளவு ஒளியைப் பிடிக்கிறது என்பதை அது ஒப்பிட்டுக் காட்டும். எஃப் 1.8 லென்ஸ் உள்ள நடுத்தரப் போனுக்குச் சேகரிப்பு எண் 10 அளவில் வருகிறது. நீண்ட ஸூம் கமராவை முழுவதும் இழுத்து எஃப் 6.5இல் வைத்தால் 0.7கூட இல்லை. ஏ.பி.எஸ்-சி கமராவோடு பெட்டியிலேயே சேர்ந்து வரும் 18-55 மில்லிமீற்றர் லென்ஸுக்கு அகன்ற முனையில் 30, நீண்ட முனையில் 12. அதே கமராவில் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைப் பொருத்தினால் 113. எஃப் 4 லென்ஸோடு வரும் ஃபுல் ஃபிரேம் கமராவுக்கு 54.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரிய கமரா வாங்கிவிட்டு, கூட வந்த லென்ஸைக் கழற்றாமலே வைத்திருப்பவர், நீண்ட முனையில் போனைவிடப் பெரிதாக எதையும் சேகரிக்கவில்லை. இவ்வளவு காசு கொடுத்தும் வீட்டுக்குள் எடுத்த படம் போன் படத்தைவிட மோசம் என்ற புலம்பலுக்குக் காரணம் இதுவே. ஏ.பி.எஸ்-சி கமரா உடலோடு ஒரு சிறிய, ஸூம் இல்லாத எஃப் 1.8 லென்ஸை வாங்கியவரோ, பல மடங்கு விலை கொடுத்து ஃபுல் ஃபிரேமும் எஃப் 4 ஸூமும் வாங்கியவரைவிட இரட்டிப்பு ஒளியைப் பிடிக்கிறார். 50 லக்ஸ் காம்பராவில், நூறில் ஒரு வினாடி ஷட்டர் வைத்தால், எஃப் 5.6 லென்ஸுக்கு, உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ எண் 16,000 அளவு தேவைப்படும், எஃப் 1.8க்கு 1,600 போதும். உடலை வாங்கிய பிறகு மிச்சக் காசில் லென்ஸைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற வழக்கமான வரிசை தலைகீழானது என்பதே என் வாதம்.

இது டிஜிட்டல் காலத்துக் கண்டுபிடிப்பும் அல்ல. 1840இல் ஜோசப் பெட்ஸ்வால் ஏறக்குறைய எஃப் 3.6 அளவு திறந்த உருவப்பட லென்ஸை வடிவமைத்த பிறகுதான் மனித முகத்தை எடுப்பது வழக்கமான தொழிலாக மாறியது. அந்த வகை லென்ஸோடு தொடங்கிய ஒருவர் இந்த மலைகளிலேயே அடங்கியிருக்கிறார். கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கமரனுக்கு 1863இல், தம் 48ஆவது வயதில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் 15க்கு 12 அங்குலக் கண்ணாடித் தகட்டுக்கு மாறினார். அவருடைய உருவப்படங்களுக்கு முன்னால் அமர்ந்தவர்கள் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. முகங்களில் தெரியும் அந்த மென்மைக்கு அதுவும் ஒரு காரணம். 1875இல் கணவரின் கோப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கு வந்தார். கோப்பியை இலைநோய் தின்றுகொண்டிருந்த காலம் அது. இங்கேயும் தோட்டத்து மக்களை எடுத்திருக்கிறார். மிகச் சில படங்களே எஞ்சின. 1879 ஜனவரியில் டிக்கோயாவில் இறந்து பொகவந்தலாவை தேவாலயத்தில் புதைக்கப்பட்டார். அவருடைய மேதைமைக்குக் கருவி காரணமென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் குறைந்த வெளிச்சத்தில் முகத்தை எடுக்க நினைத்தவர் பெரிய தகட்டையும் பெரிய கண்ணாடியையும் தேடிப் போனார் என்பது கவனிக்கத்தக்கது.

மெகாபிக்சலும் ஸூமும் ஏன் ஏமாற்றுகின்றன என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒளி அலையாகவும் நடந்துகொள்வதால் எந்தத் துளையும் ஒரு புள்ளியை முழுப்புள்ளியாகக் குவிக்காது. ஒரு சிறு வட்டமாகவே விழவைக்கும். அந்த வட்டத்தின் விட்டம் எஃப் எண்ணைப் பொறுத்தது. 2018இல் நிக்கோன் வெளியிட்ட பி1000 கமராவை எடுத்துக்கொள்வோம். 125 மடங்கு ஸூம், 16 மெகாபிக்சல், நீண்ட முனையில் எஃப் 8. அங்கே ஒளிவட்டம் பச்சை நிறத்துக்குக் கிட்டத்தட்ட 10.7 மைக்ரோமீற்றர், பிக்சலின் அகலமோ 1.3 மட்டுமே. ஒரு புள்ளி எட்டுப் பிக்சல்களின் அகலத்துக்குப் பரவுகிறது. அப்படியானால் பதினாறு மெகாபிக்சலில் பெரும்பகுதி ஒரே தகவலைத் திரும்பத் திரும்ப எழுதுவதற்குத்தான் செலவாகிறது. சந்திரனின் பள்ளங்களைப் பார்க்க அந்தக் கமரா நல்ல விளையாட்டுப் பொருள், அதை மறுக்கவில்லை.

பூண்டுலோயாவில் ஸூமுக்கு அதைவிடப் பெரிய எதிரி பனி. 1924இல் ஜெர்மானிய வானிலையாளர் ஹரால்ட் கொஷ்மீடர் கொடுத்த சமன்பாட்டின்படி, பனியினூடாகப் பார்க்கும் ஒரு பொருளின் வெளிறல்-கருமை வேறுபாடு தூரத்தோடு அடுக்குக்குறி வேகத்தில் தேய்கிறது. பார்வை எல்லை 400 மீற்றர் என்றால், அந்தத் தூரத்தில் வேறுபாடு இரண்டு வீதமாகச் சுருங்கியிருக்கும். 200 மீற்றரில் 14 வீதம். 50 மீற்றரில் 60 வீதத்துக்கும் மேல். எதிர்மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களை ஸூம் பெரிதாக்கும். அவர்களுக்கும் நமக்கும் நடுவே நிற்கும் நீர்த்துளிகளையும் சேர்த்தே பெரிதாக்கும். இழந்த வேறுபாட்டை எந்த நீளமான லென்ஸும் மீட்டுத் தராது. மலையில் ஏறி அவர்களுக்கு ஐம்பது மீற்றர் அருகே வரை நடந்து போனால் கிடைக்கும் தெளிவு, காசு கொடுத்து வாங்கமுடியாதது. 

நடந்து போயும் பனி முழுதாக விலகாது. படத்தின் சாம்பல் நிறங்கள் ஒரு குறுகிய எல்லைக்குள் நெருங்கி நிற்கும். அவற்றைப் பின்னர் கணினியில் விரித்தால்தான் கூடையும் கையும் துளிரும் பிரிந்து தெரியும். விரிக்கும்போது வேறுபாடு கூடும் அதே மடங்கில் இரைச்சலும் கூடும். சேகரிப்பு எண்ணின் முக்கியத்துவம் இங்கே இரண்டாம் தடவையாக வெளிப்படுகிறது: நிறையப் போட்டன்களோடு எடுத்த படம் நன்றாக விரியும், சொற்ப ஒளியில் எடுத்தது பொரிந்துபோகும். ஜெபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளை மட்டுமே வைத்திருக்கிறது. தரமான கமராக்கள் தரும் ரோ கோப்பில் 14 பிட் என்றால் 16,384 படிகள். வெயிலில் எடுப்பவருக்கு இந்த வித்தியாசம் ஆடம்பரம். பனியில் எடுப்பவருக்கு ரோ வசதி இல்லாத கமரா வேண்டவே வேண்டாம்.

வலுவான மறுப்பு போன் வைத்திருப்பவர்களிடமிருந்தே வரும். சென்சர் சின்னதானால் என்ன, மென்பொருள் அதை ஈடுகட்டிவிடுகிறதே என்பார்கள். 2018இல் கூகுள் கொண்டுவந்த நைட் சைட் போன்ற வசதிகள் 15 படங்கள் வரை அடுத்தடுத்து எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்க்கின்றன. பதினைந்து மடங்கு ஒளி, இரைச்சலில் ஏறக்குறைய நான்கு மடங்கு முன்னேற்றம். இந்தக் கணக்கு சரியானது. இரவில் கோயில் கோபுரத்தையோ, நிலவொளியில் தேயிலை ஸ்டோரின் கூரையையோ எடுப்பவருக்கு நல்ல போன் உண்மையிலேயே போதும். அந்தப் படங்கள் இன்னொரு போன் திரையில் மட்டுமே பார்க்கப்படும் என்றால் இன்னும் போதும். ஆனால் மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் பொட்டலுக்கு வாருங்கள். தீப்பந்தமும் ஓரிரு விளக்கும் தரும் 10 லக்ஸ் வெளிச்சத்தில், தப்புச் சத்தத்துக்கு ரதியும் மன்மதனும் விடிய விடிய ஆடுகிறார்கள். நைட் சைட் கேட்கும் ஓரிரு வினாடிக்குள் ஆடுபவர் அடவை முடித்துத் திரும்பிவிடுவார். பதினைந்து படங்களில் பதினைந்து இடத்தில் இருக்கும் கையை எந்த மென்பொருளும் ஒரே கையாகச் சேர்க்காது. ஒன்று மழுங்கடிக்கும், அல்லது ஒரே படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வீசிவிடும். அசையும் மனிதருக்கு ஒளி அந்த நூறில் ஒரு வினாடிக்குள்ளேயே வந்தாக வேண்டும். எஃப் 1.8 லென்ஸோடு அங்கே ஐ.எஸ்.ஓ 8,000 ஆகும். ஏ.பி.எஸ்-சி சென்சரில் பொரி தெரியும், முகமும் தெரியும்.

பெரிதுதான் நல்லது என்றால் ஃபுல் ஃபிரேமுக்கே போய்விடலாமே என்பது அடுத்த கேள்வி. ஒரே எஃப் எண்ணில் அது 2.35 மடங்கு அதிகம் சேர்ப்பது உண்மை. ஆனால் அதற்கான விலை உடலோடு நிற்பதில்லை. ஒவ்வொரு லென்ஸிலும் தொடரும். 2022இல் மார்ச் முதல் மே மாதத்துக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியது. அதற்கு முந்திய ஆண்டில்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்திருந்தது. இறக்குமதியாகும் ஒரு கமராவின் விலையைத் தோட்டச் சம்பளத்தால் வகுத்துப் பார்க்கும் குடும்பங்களுக்கு 2.35 மடங்கு என்பது நியாயமான பதில் அல்ல. பழைய கமரா வாங்குவதில் இங்கே ஒரு பௌதிக நியாயம் இருக்கிறது. பத்து வருடத்துக்கு முந்திய நல்ல சென்சர்களே தம்மேல் விழும் பச்சை ஒளியில் பாதியளவையோ அதற்கு மேலோ எலெக்ட்ரான்களாக மாற்றின. நூறு வீதத்தை யாரும் தாண்ட முடியாது. ஆகவே புதிய உடல் இந்த விஷயத்தில் இரட்டிப்பு முன்னேற்றம்கூடத் தரமுடியாது. குவியத்தைத் தானாகப் பிடிப்பதிலும் வீடியோவிலும் புதியவை வெகுதூரம் முன்னேறிவிட்டன, கல்யாண வீட்டில் உழைக்கப்போகிறவருக்கு அது முக்கியம். மற்றவர் பழைய டி.எஸ்.எல்.ஆர் உடலும் நல்ல லென்ஸும் வாங்கலாம்.

எந்த லென்ஸ் என்பதற்கும் இடமே விடை சொல்கிறது. மலிவாகக் கிடைப்பது 50 மில்லிமீற்றர் எஃப் 1.8. பத்தடி தள்ளி நின்றால் ஏ.பி.எஸ்-சி கமராவில் அது 1.4 மீற்றர் அகலத்தை மட்டுமே பிடிக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் சுவரோடு சாய்ந்து நின்றாலும் இரண்டு பேருக்கு மேல் அடங்கமாட்டார்கள். 35 மில்லிமீற்றர் இரண்டு மீற்றரைப் பிடிக்கும். வீட்டுக்குள்ளும் இஸ்தோப்பிலும் அதுவே வசதி. துளையை அகலத் திறந்தால் குவியத்தின் ஆழம் குறைந்துவிடுமே என்றால், குறையும். 35 மில்லிமீற்றரில் எஃப் 1.8 வைத்து இரண்டு மீற்றரில் ஒருவரை எடுத்தால் ஏறக்குறைய 23 சென்ரிமீற்றர் ஆழமே கூர்மையாக வரும். மூன்று வரிசையாக நிற்கும் குடும்பப் படத்துக்கு அது போதாது. எஃப் 4க்கு மூடி, ஐ.எஸ்.ஓவை ஏற்றியே எடுக்க வேண்டும். திறக்கும் லென்ஸை மூடலாம். எஃப் 5.6க்கு மேல் திறக்காத லென்ஸை ஒன்றும் செய்ய முடியாது. வெயில் நாட்களில் பறவை எடுப்பதே நோக்கம் என்று இருப்பவருக்கு மட்டும் என் வாதம் பொருந்தாது. அவருக்கு நீளம்தான் வேண்டும்.

கடைசியாக, விலைப்பட்டியலில் வராத செலவு ஈரம். 15 பாகை செல்சியஸ் குளிரில் வெளியே வைத்திருந்த கமராவை, கொழுந்தை ரோலரில் அரைக்கும் கூடத்துக்குள் அப்படியே கொண்டுபோனால் லென்ஸ் உடனே வெளுத்துவிடும். அங்கே காற்றை வேண்டுமென்றே ஈரமாக வைத்திருப்பார்கள். 22 பாகையும் 90 வீத ஈரப்பதமும் என்றால் பனிபடும் வெப்பநிலை 20க்குச் சற்று மேல். பைக்குள் மூடியபடியே வைத்து, கண்ணாடி அந்த வெப்பத்துக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். துணியால் துடைத்தால் மறுபடி படியும். அதைவிடக் கெடுதி பூஞ்சணம். ஈரப்பதம் 60 வீதத்துக்கு மேல் தொடர்ந்து நிற்கும் அலுமாரிக்குள் லென்ஸின் உட்கண்ணாடிகளில் அது படரும், தான் சுரக்கும் அமிலத்தால் பூச்சை அரிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் வாங்கி, உள்ளே 40 முதல் 50 வீதம்வரை வைத்திருந்தால் போதும். பழைய லென்ஸ் வாங்குபவர் துளையை முழுவதும் திறந்து, ஒரு பக்கத்திலிருந்து போன் டோர்ச்சை அடித்து மறுபக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். தூசி புள்ளியாகத் தெரியும், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. முன்கண்ணாடியில் ஒரு சிறு கீறலும் படத்தில் தெரியாது. சிலந்தி நூல்போல் கிளைவிட்ட கோடுகள் பின்கண்ணாடியருகே தெரிந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் அதை வாங்கக்கூடாது.